துலுக்கானத்தின் கை குலுங்கிய அறுவடை

ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகைகள் வருவதற்கு முந்தி, கோவில்பதாகையில் நெல் அளக்க ஒரே ஆள்தான், துலுக்கானம். என் அப்பாவுக்குப் பெரியப்பா மகன், எனக்குப் பெரியப்பா. களத்தில் மரக்காலை நிரப்பி, உள்ளங்கையால் தலை தட்டி, "லாபம்" என்று முதல் மரக்காலைக் கொட்டுவார். ஒன்று என்று சொன்னால் விளைச்சல் ஒன்றோடு நின்றுவிடுமாம். மரக்காலைக் குலுக்கவும் கூடாது. குலுக்கினால் நெல் படிந்து இன்னும் ஒரு பிடி உள்ளே போகும். வாங்குகிறவனுக்கு வரவு, விற்கிறவனுக்கு நஷ்டம். பெரியப்பா குலுக்கினதே இல்லை, அவர் அப்பாவும் இல்லை. அந்தப் பேருக்காகத்தான் மண்ணூர்பேட்டைக்காரர்கள் வடிவுப் பெரியம்மாவை அவருக்குக் கொடுத்தார்கள். மற்றபடி நிலமா நீச்சா, ஒன்றும் கிடையாது.

அந்த வருஷம் சம்பா அறுப்பில் அவர் கை குலுங்கியது.

"இன்னாடா, நெல்லு அளக்கிறியா, மோர் கடையறியா?" என்றார் நிலத்துக்காரர் கோதண்டம்.

"நான் குலுக்கலங்கய்யா. அதுவா குலுங்குது."

"அதுவா குலுங்குதா! பூந்தமல்லி பாய் உனுக்கு இன்னா குடுத்தான், அத்த சொல்லு."

நெல் வாங்க வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்த ஹாஜா மொய்தீன், உட்கார்ந்திருந்த மூட்டையை விட்டுத் துள்ளி எழுந்தார். "அல்லா மேல ஆணை! நான் ஒரு பீடி கூட குடுத்ததில்ல!"

அதற்கப்புறம் ஊர் பெரியப்பாவைப் பார்த்த பார்வையே வேறு. தை மாசக் குளிரில் அவருக்குச் சட்டை நனைய வேர்த்தது. தப்பு பண்ணினவனுக்குத்தான் இப்படி வேர்க்கும் என்றார்கள். ராத்தூக்கம் இல்லை, மனசாட்சி குத்துகிறது என்றார்கள். கண் பிதுங்கி நின்றது, திருட்டு முழி. ஒரு பானைச் சோறு தின்றும் உடம்பு ஈர்க்குச்சியாய் இளைத்தது. தின்றது அவர் சோறு இல்லை, அதனால் ஒட்டவில்லை. கோபம் வேறு பொத்துக்கொண்டு வரும். ஒரு நாள் கோழி முறைத்ததென்று கோழியோடு சண்டைக்குப் போனார். கடைசியாகக் கழுத்து முன்பக்கம் வீங்கியது.

"பாத்தியா, திருட்டு நெல்லு தொண்டைலயே நின்னுகினு கீது!" என்றார் கோதண்டத்தின் மச்சான் தேவராஜ். மரக்கால் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் கற்பூரச் சத்தியம் என்று முடிவாயிற்று. வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி உள்ளங்கையில் ஏந்தி, சத்தியம் சொல்லி அணைக்க வேண்டும். பெரியப்பா "ஆத்தா மேல" என்று வாயைத் திறந்ததும் கை ஆடின ஆட்டத்தில் கற்பூரம் எகிறிக் கோதண்டத்தின் மேல்துண்டில் விழுந்து பற்றிக்கொண்டது. "ஆத்தா காட்டிக் குடுத்துட்டாடா!" என்று பாதி ஜனம் பெரியப்பாவைக் காட்டியது. மீதிப் பாதி கோதண்டத்தைக் காட்டியது.

துண்டை மிதித்து அணைத்த கோதண்டம் மூச்சிரைக்கச் சொன்னார்: "அடுத்த அறுப்புல உன் கை நிக்கலன்னா மரக்கால் தேவராஜ் ஊட்டுக்குப் போவுது!"

பழி தன் தலையிலும் கிடந்ததால் பாய் அன்றைக்கு வந்திருந்தார். பெரியப்பாவின் கழுத்தை உற்றுப் பார்த்தார். "அண்ணாத்தே, என் மச்சினிச்சி மஹ்பூபாவுக்கும் இதே கழுத்து, இதே கண்ணுதான். இது திருட்டு இல்ல, நோவு. பட்டணத்துக்கு வா."

ஆவடியில் ரயிலேறி, பெரியப்பா, பெரியம்மா, பாய் மூன்று பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் கையை நீட்டச் சொல்லி விரல் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காற்றில்லாமலே அது படபடத்தது. தண்ணீர் குடிக்கச் சொன்னார். கழுத்து வீக்கம் ஏறி இறங்கியது. நாடி ஓடின ஓட்டத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கழுத்துல ஒரு சுரப்பி இருக்கும்மா. உடம்பு எவ்வளவு வேகமா ஓடணும்னு அதுதான் சொல்லும். இவருக்கு அது அளவில்லாம சுரக்குது. அப்படியே விட்டா நெஞ்சு களைச்சு நின்னுடும்."

"அளவுகாரன் கழுத்துல அளவில்லாததா?" என்றார் பாய்.

பெரியம்மா கேட்டாள்: "அப்போ நான் ஆக்கிக் கொட்ன சோத்தையெல்லாம் இதா துன்னுச்சு?"

"அப்படித்தான் வச்சுக்கோங்க. பால்ல அயோடின் சொட்டு குடுத்து, படுக்க வச்சு முதல்ல அடக்குவோம். அப்புறம் அறுத்து எடுப்போம். கொஞ்சம் மிச்சம் வைப்போம். முழுக்க எடுத்தா எருமை மாதிரி மந்தமாயிடுவார்."

"எருமையானாலும் பரவால்ல சாமி, தூங்கினா போதும்."

அறுக்கும் நாளைச் சொன்னால் பயத்திலேயே நெஞ்சு ஓடும் என்று டாக்டர் சொல்லவே இல்லை. எது மயக்க ஊசி என்று தெரியாதபடி தினமும் காலையில் ஒரு ஊசி. ஒரு நாள் விழித்துப் பார்த்தால் கழுத்தில் கட்டு. "எப்போ அறுப்பீங்க?" என்றாராம் பெரியப்பா. நர்ஸம்மா சிரித்துவிட்டாளாம்.

அடுத்த சம்பா அறுப்புக்குள் அவருக்கு உடம்பு பூசிவிட்டது. கண் மட்டும் கொஞ்சம் முழித்தபடியே நின்றுவிட்டது. களத்தைச் சுற்றி ஊரே நின்றது. தேவராஜ் குளித்து நெற்றியில் திருநீறு பூசித் தயாராக வந்திருந்தார். பெரியப்பா மரக்காலை நிரப்பித் தலை தட்டினார். ஒரு நெல்மணி கூட அசையவில்லை.

"லாபம்!"

கோதண்டம் குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "அளடா, அளடா! வெயில் ஏறுது. உன்ன யாரு நிறுத்தச் சொன்னது?"

தேவராஜ் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். பாய் மட்டும் தன் சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டுப் பெரியப்பா பக்கத்தில் வந்து குந்தினார்.

"உன்ன பட்டணத்துக்கு இட்டுகினு போனவன் நானு. இப்ப என் சாக்குதான் காத்தாடுது. ஒரே ஒரு தபா, லேசா, குலுக்கேன் அண்ணாத்தே."

பெரியப்பா நிமிரவே இல்லை. உள்ளங்கையால் தலை தட்டினார்.

"ரெண்டு."