சேட்டு விற்ற டிரம் செட்

சேட்டு புளியைக் கரைத்துச் சாம்பலோடு குழைத்து, டிரம் செட்டின் பெரிய வெண்கலத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விளிம்பிலிருந்து நடுவுக்கு, கட்டைவிரல் வட்டம் வட்டமாகப் போனது. ஜவ்வாது மலையில் புளிக்குப் பஞ்சமில்லை. குத்துவிளக்கு முதல் கோயில் மணி வரை எல்லாம் அதில்தான் பளபளக்கும். பத்து மணிக்குத் திருப்பத்தூரிலிருந்து வாங்க வரப் போகிறார்கள். தட்டு தங்கம் போல மின்ன வேண்டும் என்று அவருக்கு ஆசை.

சேட்டுக்கு டிரம் வாசிக்கத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் போளூர் இசைக்குழு ஒன்றில் ஜெனரேட்டர் பார்த்தவர். மேடைக்குப் பின்னால், புகைக்கும் இரைச்சலுக்கும் நடுவில் அவர் இடம். பாட்டு எதுவும் காதுக்கு வராது. காலால் அடிக்கும் பெரிய டிரம் மட்டும் தரை வழியாக வந்து உள்ளங்காலைத் தட்டும். அதை வைத்தே என்ன பாட்டு ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். குழு கலைந்தபோது, கிடங்கில் கரையான் அரித்துக் கிடந்த பழைய டிரம் செட்டை முதலாளி அவருக்கே கொடுத்துவிட்டார்.

அதைச் சரிசெய்ய மூன்று வருடம் ஆனது. துருவைச் சுரண்டினார். விரிந்த பலகை அடுக்குகளுக்குப் பசை போட்டு, கயிற்றால் இறுக்கிக் காயவைத்தார். பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் பெடல் மட்டும் தொலைந்துபோயிருந்தது. பழைய ஸ்கூட்டரின் பிரேக் ஸ்பிரிங், ஒரு கதவுக் கீல், துணி சுற்றிய கட்டை, இவற்றை வைத்துத் தானே ஒன்று செய்தார். பார்க்க லட்சணமாக இல்லை. மிதித்தால் அடித்தது. சாமை காயவைக்கும் இடத்தை எல்லாம் இந்தச் சனியன் அடைத்துக்கொண்டது என்று மனைவி சின்னக்குழந்தை மூன்று வருடமும் திட்டினாள்.

போன ஆடியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்தது. பேச்சுக்கு ஒரு குறையும் வரவில்லை. வாரம் ஒருமுறை வரும் பிசியோ பெண் ரேணுகாதேவி, ஒன்று இரண்டு எண்ணிக் காலெடுத்து வைக்கச் சொன்னாள். எண்ணிக்கைக்குக் கால் வரவில்லை. ஒருநாள் சேட்டு சும்மா பெடலை மிதித்தபோது, நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்து நின்றிருந்தவளின் இடது கால் தரையை விட்டு எழுந்தது. சிலருக்குத் தாளம் கேட்டால்தான் கால் எழும், விட்டுவிடாதீர்கள் என்றாள் ரேணுகாதேவி. அன்றிலிருந்து காலையில் அவர் மிதிப்பார், அவள் நடப்பாள். நேற்று பதினான்கு அடி.

ஆனால் நடந்து போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமே. கழிப்பறை சரிவுக்குக் கீழே இருந்தது. குந்தி எழ வேண்டியது. இரண்டும் அவளால் ஆகாது. கட்டிலில் பாத்திரம் வைத்து, சேட்டுதான் எடுத்துக் கொட்டினார். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவள்தான் ஒவ்வொரு முறையும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். உடம்புக்கு அது நல்லதல்ல. வீட்டை ஒட்டி, நாற்காலி போல உட்காரும் கோப்பை வைத்த கழிப்பறைக்குச் சுவர் இடுப்பளவு எழும்பி நின்றுவிட்டது. மிச்சத்தைக் கட்டி முடிக்க டிரம் செட்டை விற்றாக வேண்டும்.

நடக்க வைப்பதை விற்று, நடந்து போகும் இடத்தைக் கட்டுவதா? மூன்று நாளாக சேட்டுக்கு இதே யோசனை. தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, வரவேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்தார். கட்டிலில் இருந்தபடியே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"போன வெய்யிய்யா. எனுக்கு டிரம்மு வோணாம். கக்கூசு வோணும்."

அவர் வைத்துவிட்டார்.

வந்தவன் பெயர் ரஞ்சித். பழைய வாத்தியங்களைத் தேடித் தேடி வாங்குகிறவன். பலகைகளைத் தட்டிப் பார்த்து முகம் மலர்ந்தான். தட்டைத் தூக்கியதும் முகம் சுருங்கியது.

"இதுல கம்பெனி பேரு இருந்திருக்குமேண்ணா?"

சேட்டு புளிச் சட்டியைப் பார்த்தார். "அழுக்குன்னு நெனச்சிட்டேம்பா."

"இன்னும் நாலு தேய் தேச்சிருந்தா தட்டே இருந்திருக்காது" என்றது உள்ளிருந்து குரல்.

அந்த அழுக்குக்குத்தான் மதிப்பே என்று ரஞ்சித் சிரித்துக்கொண்டே விளக்கி, விலையைக் கொஞ்சம் இறக்கினான். மிச்சச் சுவருக்கும் கோப்பைக்கும் கதவுக்கும் அதுவே போதும். பிறகு, ஒருமுறை அடித்துக் காட்டச் சொன்னான். சேட்டு உட்கார்ந்து தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார். தும்... தும்... தும். நாலாவது அடிக்கு, திறந்த கதவுக்கு உள்ளே சின்னக்குழந்தை ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றாள். அடிக்கு ஒருதரம் இடது கால் எழுந்து இறங்கியது.

ரஞ்சித் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெரிய டிரம் இங்கேயே இருக்கட்டும், மற்றதை மட்டும் எடுத்துப்போகிறேன் என்றான். சேட்டு வாய் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"மூணு காலு கட்டில எவன் வாங்குவான்? எல்லாத்தியும் எடுத்துக்கினு போப்பா. இந்த ஆளு மனசு மாறதுக்குள்ள."

எல்லாம் வண்டியில் ஏறியது. கடைசியாகப் பெடலைக் கழற்றி, ரஞ்சித் அதை அரைச்சுவர் மேல் வைத்தான். செட்டோடு இது சேராது, அந்தக் காலத்துப் பெடலே தன்னிடம் இருக்கிறது என்றான். சேட்டுக்குச் சுருக்கென்றது. அத்தனை சாமான்களில் முழுக்க அவர் கையால் பிறந்தது அது ஒன்றுதான். வண்டி வளைவில் இறங்கியதும், காலியான இடத்தைப் பெருக்கினார். அன்று சாயங்காலம் அவள் அரை டம்ளர் தண்ணீர்தான் குடித்தாள்.

மறுநாள் விடிந்ததும் சேட்டு பெடலை உள்ளே கொண்டுவந்து, சைக்கிள் டியூபால் தகரப் பெட்டியில் கட்டி மிதித்தார். இது என்ன எழவு என்றாள் அவள். அவிழ்த்து, சாமை கொட்டி வைத்திருக்கும் மரப்பெட்டியில் கட்டினார். பெட்டி நிறைந்திருந்ததால் சத்தம் எழவில்லை. இரண்டு படி அள்ளிவிட்டு மிதித்தார்.

"இன்னும் எடு" என்றாள். எடுத்தார். "இன்னும்."

பாதிப் பெட்டி காலியானபோது சரியாக வந்தது. தும்.

அவள் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். சேட்டு பெட்டியை விட்டு நகராமல், தலையை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டே மிதித்தார். பதினான்கைத் தாண்டினாள். வாசற்படியில் கொஞ்சம் நின்று, இறங்கி, போய் அரைச்சுவரில் கை வைத்தாள். கதவுக்காக விட்டிருந்த இடைவெளியை மேலும் கீழும் பார்த்தாள்.

"கதவு வெளிய தொறக்கணும்யா. நான் உள்ள வுயுந்துட்டா, நீ எப்டி வருவ?"

சேட்டு கொத்தனாரைப் போனில் கூப்பிட்டு அதை அப்படியே சொன்னார். பிறகு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். சுவரில் சாய்ந்தபடி அவள் முழுவதையும் குடித்தாள்.