அழுத்தம் இறங்க அருவிக்குப் போனவர்

அறுபதுகளில் ஒரு சாரல் காலம். தென்காசியில் குற்றாலம் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நாற்பது வயதிருக்கும். சோடாப்புட்டிக் கண்ணாடி. ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

“கிட்டப்பார்வைதான் கூடிட்டுன்னு கண்ணாடிய மாத்திக்கிட்டே இருந்தேன், அண்ணாச்சி. இப்ப டாக்டர் கண்ணுக்குள்ள அழுத்தம், நரம்பு செத்துட்டு வருதுங்காரு. போன பார்வை திரும்பாதாம். அருவித் தண்ணி தலையில விழுந்தா அழுத்தம் எறங்கும்னு ஒருத்தர் சொன்னாரு.”

குற்றாலத்தில் கண்ணாடியை என்னிடம் தந்துவிட்டு, கண்களை மூடாமலே அருவிக்கடியில் நின்றார். சிவந்த கண்களோடு வந்து, கண்ணாடியை வாங்கி மாட்டி, மறுபடி ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

“கொஞ்சமாவது கொறஞ்சிருக்கும்லா, அண்ணாச்சி?”

நான் அதற்குள் அவருக்கு வலப்பக்கமாக நகர்ந்திருந்தேன். அவர் கேட்டது இடப்பக்கம் தலை துவட்டிக்கொண்டிருந்த யாரோ ஒருவரிடம். அவர் கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் போய் நின்றேன்.