சாகாத வேஷம்

படப்பிடிப்புத் தளத்தில் அவருக்குப் பெயர் ‘பாடி’. பிணமாகக் கிடப்பதுதான் பிழைப்பு. குப்பைமேடு, குளியல் தொட்டி, கார் டிக்கி என்று அவர் செத்துக் கிடக்காத இடமில்லை.

“நடிப்புக்காக உயிரையே விடுவேன்னு ஹீரோக்கள் பேட்டிதான் குடுப்பாங்க. நான் தினமும் டீ குடிச்ச கையோட விடுறேன்” என்று தன்னைத்தானே வாரிக்கொள்வார்.

வீட்டில்தான் தாங்க முடியவில்லை. டிவியில் அப்பா பிணவறை மேஜையில் கிடப்பதைப் பார்த்து மகள் ஒருநாள் வீறிட்டு அழுதாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார், அப்போதும் அழுகை நிற்கவில்லை. அன்றிலிருந்து அவர் முகம் திரையில் வந்தாலே எழுந்து ஓடிவிடுவாள். பெற்ற பிள்ளைக்கே பேயாகிவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

அப்போதுதான் தொடர் கொலைகாரனைப் போலீஸ் தேடும் படம் ஒன்றில் வாய்ப்பு வந்தது. கொலைகாரனை நேரில் பார்த்துத் தப்பித்த ஒரே சாட்சி. வசனமும் உண்டு: “அவனை நான் பார்த்தேன் சார்.”

“அப்பா இதுல சாகலடா கண்ணு. சத்தியமா!”

“அப்படின்னா பாக்குறேன்” என்றாள் மகள்.

‘ஆக்‌ஷன்’ என்ற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், உடம்பு தன் பழைய வேலையைப் பார்த்துவிட்டது. மூச்சு நின்றது, கண் நிலைகுத்தியது. இன்ஸ்பெக்டராக நடித்தவர் தோளைப் பிடித்து உலுக்கினார். மூச்சே இல்லாதவரிடம் பேச்சு எங்கிருந்து வரும்? எத்தனை டேக் போனாலும் அதே கதைதான். லைட்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

இயக்குநருக்குப் பொறுமை போய்விட்டது. “சாட்சியையும் அவனே கொன்னுட்டான்னு மாத்திக்கலாம். அண்ணே, நீங்க படுங்க.”

மேக்கப்காரர் ரத்தம் பூசினார். படுத்தார். மகளிடம் செய்த சத்தியம் நெஞ்சில் உறுத்தியது. ‘ஆக்‌ஷன்!’ இன்ஸ்பெக்டர் குனிந்தார். பிணம் கண்ணைத் திறந்தது.

“நான் சாகல சார்! அவனை நான் பார்த்தேன் சார்!”

இன்ஸ்பெக்டர் நிஜமாகவே அலறிப் பின்னால் விழுந்தார். இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். “அண்ணே, இதையே வெச்சுக்கலாம்!”

“சார், அப்புறமா சாகடிச்சிடாதீங்க. பொண்ணு பாக்கும்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவரை உயிரோடு ஆம்புலன்ஸில் ஏற்றுவதாக ஒரு ஷாட் சேர்த்தார்கள்.

குழந்தை முழுசாகப் பார்க்கிற படமா அது? கூடவே கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எடிட்டரிடம் கெஞ்சி, எடிட்டிங் அறையில் அந்தக் காட்சியை மட்டும் காட்டினார். மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தாள். காட்சி முடியும்போது கை மடியில் இருந்தது.

“கொலைகாரன் யாருன்னு பாக்கலாமா பாப்பா?” என்றார் எடிட்டர்.

“வேணாம் மாமா. எங்கப்பா எந்திரிக்கிறத இன்னொரு தடவ போடுங்க.”