ராசாவின் கையில் இருந்த பழம்

லா சப்பலுக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு மடாம் வீட்டில் பதினொரு வருடம் துப்புரவு வேலை செய்தேன். வரவேற்பறை அலுமாரியில் ஒரு வெண்கல ராசா நிற்பார். அந்தக் காலத்துப் பிரெஞ்சு ராசா. கையில் உருண்டையாக ஒன்று, அதன்மேல் சின்னச் சிலுவை. பெரியவர்களைப் பார்க்கப் போகிறவர் எலுமிச்சம்பழம் கொண்டுபோவது முறைதானே. இவரும் மரியாதை தெரிந்தவர் என்று நினைத்து, கிழமைக்கு ஒருதரம் அந்தப் பழத்தைப் பளபளவென்று துடைத்துவைப்பேன்.

ஒருநாள் கம்பளத்தைச் சுருட்டும்போது, ஓர் அசுரன் பூமியையே இப்படிப் பாயாகச் சுருட்டிக்கொண்டு போன கதையை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். மடாம் குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்தி, "எங்கள் முன்னோர்களும் பூமி தட்டை என்றுதான் நம்பினார்கள். பாவம், படிப்பில்லாதவர்கள்," என்றார். கடைசிச் சொல்லைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். அதை இன்னொருவர் சொல்லிக் கேட்க எனக்குப் பிடிக்காது. இதற்கொரு பதில் கொடுக்காமல் அந்த வேலையை விடுவதில்லை என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் அறை எடுத்திருந்த தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருத்தி, பழைய லத்தீன் புத்தகங்களை ஆராய்கிறவள். ரூ பெர்தொனே தெருக் கடையொன்றில் தேத்தண்ணி குடிக்கும்போது, போனில் பிடித்துவைத்த ராசாவின் படத்தை அவளிடம் காட்டினேன்.

"பிள்ளை, உந்த ராசா ஆருக்கு எலுமிச்சம்பழம் கொண்டுபோறார்?"

அவளுக்குப் புரையேறிவிட்டது. "ஐயோ ஆன்ட்டி, அது பூமி! உலகமே என் கையிலன்னு காட்டுறாரு."

"தட்டையெண்டெல்லோ மடாம் சொன்னவ?"

"அது சும்மா கதை. அந்தக் காலத்துலயே படிச்சவங்களுக்கு உருண்டைன்னு நல்லாத் தெரியும். பின்னாடி வந்தவங்கதான் அவங்க மேல தட்டையைக் கட்டிவிட்டாங்க."

"அப்ப மடாமுக்குத்தான் தெரியாது!"

"உங்களுக்குந்தான், ஆன்ட்டி."

அது எனக்குக் கேட்கவில்லை.

அடுத்த திங்கள் ராசாவைத் தூக்கி மடாமின் முன்னால் வைத்தேன். பாடமாக்கிக்கொண்டு போன பிரெஞ்சில், "மடாம், இது பூமி. உருண்டை. உங்கள் முன்னோர்களுக்குத் தெரியும்," என்றேன். மடாம் போனில் கனநேரம் தேடினார். பிறகு, "உண்மைதான்," என்றார். அன்றைக்குக் கோப்பியை அவரே போட்டுத் தந்தார். நான் அவருக்கு எதிரே கதிரையில் இருந்து குடித்தேன்.

மறுகிழமை விருந்தினர் வந்திருந்தார்கள். மடாம் ராசாவைக் கையில் எடுத்து, "முன்னோர்கள் பூமியைத் தட்டை என்று நம்பினார்கள் என இன்னமும் சொல்கிறார்கள், படிப்பில்லாதவர்கள்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கோப்பித் தட்டோடு நின்ற நானும் நன்றாகவே சிரித்தேன்.

எலுமிச்சம்பழக் கதையை மட்டும் இன்றுவரை அவருக்குச் சொன்னதில்லை. ஏன் சொல்ல வேண்டும்?