போகும்போது ஒரு கட்டம், வரும்போது ஒரு கட்டம்

கோசலாவின் பயணப் பட்டியலில் சுலக்ஷனாவின் பெயர் சமையலறைச் சாமான்களுக்கு நடுவில் இருந்தது. பிரஷர் குக்கர், தேங்காய் துருவி, மிளகாய்த்தூள் போத்தல், சுலக்ஷனா, கேஸ் லைட்டர். கேவலப்படுத்த வேண்டும் என்று எழுதியதல்ல. சமைக்கிறவளைச் சமையலறைப் பக்கத்தில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது என்று கோசலா நினைத்திருப்பாள். சுலக்ஷனாவும் அதைப் பார்த்து வருத்தப்படவில்லை. பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் நுவரெலியாவுக்குப் போவது உறுதி. அவளுக்கு அது போதும்.

கோசலா ஹட்டன் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள், வாழ்க்கைப்பட்டது கொழும்பில். அவளுடைய உயிர் ஒரு கொப்பியில் இருந்தது. கோடில்லாமல் புள்ளி மட்டும் போட்ட வழவழப்பான தாள், அதற்கென்றே கலர் கலராகப் பேனாக்கள், பூப்போட்ட ஒட்டுநாடா. புல்லட் ஜேர்னல் என்பாள். எங்கே பயணம் போவதென்றாலும் வெகு முன்பே அதில் பட்டியல் தொடங்கிவிடும். ஒவ்வொரு சாமானுக்கும் நேரே இரண்டு குட்டிக் கட்டங்கள். போகும்போது வண்டியில் ஏற்றினால் முதல் கட்டத்தில் சரி போடுவாள், திரும்பும்போது ஏற்றினால் இரண்டாவது கட்டத்தில். "போனது எல்லாம் திரும்பி வரணும். அதுதான் லிஸ்டுக்கு அழகு" என்பாள். பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் சிநேகிதிகள் வரிசையாக இதயம் அனுப்புவார்கள்.

கெட்டவர்கள் என்றால் கத்துவார்கள், கை நீட்டுவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கோசலா குரலை உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை. "மேடம்னு கூப்பிடாத சுலா, அக்கான்னு சொல்லு" என்று முதல் நாளே சொன்னவள் அவள்.

சுலக்ஷனாவின் ஊர் நுவரெலியாவை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டம். கல்யாணமான புதிதில் கொழுந்து பறிக்கப் போனாள். கட்டட வேலைக்கென்று கண்டிக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். அதன் பிறகு மகள் தனுஷிகாவை அண்ணன் பெண்சாதி வீரம்மாவிடம் விட்டுவிட்டுக் கொழும்புக்கு வந்தாள். வரும்போது பிள்ளை தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தது, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. தீபாவளிக்கு லீவு கேட்டாள், கோசலாவின் மகள் பாப்பாவுக்குப் பிறந்தநாள் வந்தது. பொங்கலுக்குக் கேட்டாள், வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். "ஏப்ரல்ல சீசனுக்கு உங்க ஊர்ப் பக்கம்தானே போறோம். போய்ப் பிள்ளையப் பாத்துட்டு வா" என்று கோசலா சொன்ன நாளிலிருந்து சுலக்ஷனாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

கோசலாவைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் பட்டியல் போட ஆசை வந்தது. ஒரு தாள் கேட்டாள். கோசலாவுக்குப் பெருமை பிடிபடவில்லை, புள்ளித் தாளில் ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, ரோஸ் கலர் பேனாவும் கொடுத்தாள். ராத்திரி சுலக்ஷனா சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதினாள். மழைச் சப்பாத்து. கம்பளி ஸ்வெட்டர். கலர் பென்சில். தலைப்பட்டி. கிரீம் பிஸ்கட். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்த சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே ஸ்கேல் வைத்து ஒரே ஒரு கட்டம் கீறினாள்.

கோசலா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ரெண்டாவது கட்டம் எங்கடி?"

"இதெல்லாம் திரும்பி வராதுங்க அக்கா" என்றாள் சுலக்ஷனா.

கோசலாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது. அந்தத் தாளையும் படம் எடுத்துப் போட்டாள். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக இதயங்கள் வந்தன.

புறப்படும் காலையில் கோசலாவின் புருஷன் சுமன் வேனில் சாமான்களை அடுக்கினான். இறைச்சி சுடும் அடுப்பு, கரிமூட்டை, மடக்கு நாற்காலிகள், பாப்பாவின் சைக்கிள் என்று போய்க்கொண்டே இருந்தது. கதவு சாத்த முடியவில்லை. எதையாவது இறக்கத்தான் வேண்டும். கோசலா கொப்பியை விரித்துக்கொண்டு நின்றாள். சுலக்ஷனாவின் பையில் அவள் விரல் நின்றது.

"இது மெயின் லிஸ்டுல இல்லையே சுலா."

"பிள்ளைக்குள்ளதுங்க அக்கா. என் மடியில வச்சுக்கிறேன்."

"மடியில பாப்பா படுத்துக்குவாளே. பைய விட்டுட்டு வா, அங்க நுவரெலியாவில கடையா இல்ல? எல்லாம் புதுசா வாங்கித் தாறேன்."

பை வாசல் கதவடியில் நின்றது. சுலக்ஷனா பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு கினிகத்தேனைப் பாதை வளைவுகளில் பிள்ளை எடுத்த வாந்தியைப் பிடித்தபடியே மலையேறினாள்.

வாடகைக்கு எடுத்த பங்களா. அதன் சமையலறை ஜன்னலில் நின்றால் எதிர்ச்சரிவில் தனுஷிகா இருந்த லயத்தின், தோட்டத்து வரிசை வீடுகளின், தகரக் கூரை தெரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரார் வீட்டுக் கோழியை மசாலா தடவிச் சுடுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவளுக்குத்தான் தெரியும். ஒருநாள் சிநேகிதிகள் வந்தார்கள். ஒருநாள் குதிரைச் சவாரி. மறுநாள் மலர்க்கண்காட்சி. கடைக்குப் போவதைப் பற்றி நினைவுபடுத்தினால், "டவுன்ல கால் வைக்க இடமில்ல சுலா, நாளைக்குப் பாப்போம்" என்பாள் கோசலா. கடைசி நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும்தான், "போய்ட்டு இருட்டுறதுக்குள்ள வந்துரு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

வெறுங்கை. இத்தனை காலம் கழித்துப் பெற்ற பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு போக வேண்டும். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. பாப்பாவின் துணிகளை மடித்து வைக்கும்போது சிவப்புக் கம்பளி ஸ்வெட்டர் கையில் தட்டுப்பட்டது. பாக்கெட்டில் வெள்ளை முயல் தைத்தது. கை கட்டையாகிவிட்டது, இனி ஆகாது என்று கோசலாவே சொன்ன ஸ்வெட்டர். கேட்கலாம் என்று அறைக் கதவு வரை போனாள். உள்ளே குறட்டை கேட்டது. எழுப்பினால் தலைவலி என்று சொல்லிப் போகவே வேண்டாம் என்றுவிட்டால்? சுலக்ஷனா அதை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள். திருட்டுதான். இல்லை என்று நான் சொல்ல வரவில்லை.

தனுஷிகா மூக்கொழுகிக்கொண்டு மெல்லிய கவுனோடு படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து வீரம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். "போடி, ஒங்க அம்மாதான்" என்று வீரம்மா தள்ளிவிட்டும் நகரவில்லை. சுலக்ஷனா முந்தானையைப் பிரித்தாள். ஸ்வெட்டரை எடுத்து விரித்துக் காட்டினாள். பிள்ளை முயலைப் பார்த்தது, பிறகு அம்மாவைப் பார்த்தது.

"எனக்கா வாங்கினே?"

"ஒனக்குத்தான் கண்ணு. பாத்துப் பாத்து வாங்கினேன்."

அதன் பிறகு பிள்ளை மடியைவிட்டு இறங்கவில்லை. முயலுக்குப் பெயர் வைத்தது. பள்ளிக்கூடத்துப் பாட்டெல்லாம் பாடிக் காட்டியது. இருட்டும் நேரத்தில் சுலக்ஷனா எழுந்தபோது கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"என்னையும் கூட்டிக்கிட்டுப் போ."

"அடுத்த தடவ வேன்ல வருவேன். அப்பக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள் சுலக்ஷனா. அழுகிற பிள்ளைக்கு எல்லாரும் சொல்கிற பொய்தான்.

காலையில் பெட்டிகள் வேனில் ஏறிக்கொண்டிருந்தன. கோசலா படியில் நின்று இரண்டாவது கட்டங்களில் சரி போட்டுக்கொண்டே வந்தாள். பேனா ஓரிடத்தில் நின்றது.

"சுலா, பாப்பாவோட சிவப்பு ஸ்வெட்டர் எந்தப் பெட்டியில?"

சுலக்ஷனா தூக்கியிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். "எம் பிள்ளைக்குக் குளுருச்சுங்க அக்கா. பாப்பாவுக்குக் கை கட்டைன்னு நீங்க சொன்னீங்க, அதான் குடுத்துட்டேன்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"இப்பக் கேக்குறேங்க அக்கா. குடுத்துருங்க."

கோசலா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அதுதான் இதில் பெரிய கொடுமை. "எடுத்த பொறகு கேட்டா அது கேக்குறது இல்ல சுலா. இத விட்டுட்டா நீ கெட்டுப் போயிருவ. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பழைய ஸ்வெட்டர்தானே, விட்டுத் தொலையேன்" என்றான் சுமன் ஸ்டியரிங்கில் இருந்தபடி.

"ஸ்வெட்டருக்காக இல்லைங்க. அந்தப் பக்கம் வண்டியத் திருப்புங்க."

வேன் லயத்துக்கு முன்னால் வந்து நின்றபோது, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் புறப்பட்ட பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். தனுஷிகா வாசலுக்கு ஓடி வந்தாள். ராத்திரி முழுக்க அந்த ஸ்வெட்டரோடுதான் தூங்கியிருந்தாள். வேனைப் பார்த்தாள், அதிலிருந்து இறங்குகிற அம்மாவைப் பார்த்தாள். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"அத்தை, அம்மா வேன்ல வந்துருச்சு. என்னையக் கூட்டிக்கிட்டுப் போக வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். வீரம்மா என்ன ஏதென்று கேட்பதற்குள் புத்தகப் பையோடு திரும்பி வந்தாள். புத்தகங்களைக் கொட்டிவிட்டு ஒரு கவுனும் பல் பிரஷும் சீப்பும் திணித்திருந்தாள். வாய் மூடாத பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

சுலக்ஷனா மண்டியிட்டாள். பின்னால் வேன் கண்ணாடி இறங்குகிற சத்தம் கேட்டது.

"பையக் கீழ வை கண்ணு. கையத் தூக்கு."

பிள்ளை இரண்டு கையையும் தூக்கியது. ஸ்வெட்டர் தலை வழியாகக் கழன்று வந்தது. உடம்புச் சூடு அதில் அப்படியே இருந்தது.

"அழுக்காயிருச்சா?" என்று கேட்டாள் தனுஷிகா.

"ம்."

"அப்ப நான் வேற போட்டுக்கிட்டு வரவா?"

சுலக்ஷனா எழுந்து வேனைப் பார்த்து நடந்தாள். வீரம்மா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தனுஷிகா வேன் கதவு சாத்துகிற வரைக்கும் அழவில்லை. வேறு கவுன் போட்டுக்கொண்டால் கூட்டிப்போவார்கள் என்றே கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தாள். கதவு சாத்திய பிறகு எழுந்த சத்தத்தை அந்த லயத்தில் எல்லோரும் கேட்டார்கள்.

வேன் இறக்கத்தில் திரும்பியது. பாப்பா ஸ்வெட்டரைக் காலால் தள்ளினாள். "அந்தப் பிள்ள போட்டத நான் போட மாட்டேன்."

"நீ போட வேணாம்மா. வீட்டுக்குப் போனதும் தரை தொடைக்கப் போட்டுக்கலாம்" என்றாள் கோசலா. கொப்பியைத் திறந்து ஸ்வெட்டருக்கு நேரே இரண்டாவது கட்டத்தில் சரி போட்டாள். பக்கத்தைப் புரட்டினாள். சமையலறைச் சாமான்களில் இன்னும் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டில், குக்கருக்கும் கரியடுப்புக்கும் நடுவில், சுலக்ஷனா உட்கார்ந்திருந்தாள்.

கோசலா அதற்கும் சரி போட்டாள்.