கை தட்டாதேயுங்கோ

பாறசாலைப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு பொங்குகிறவள் விமலகுமாரி. இலங்கையில் வன்னியில் பிறந்தவள். போர் முடிந்த மறுவருடம் படகேறி வந்து, காரோடு ஊர்க் கொத்தனார் யோசுவாவைக் கட்டிக்கொண்டு இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள். சொந்தமாகப் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தட்டை நீட்டி "மாமி" என்று கூப்பிடுவதுதான் அவளுக்குக் கிடைத்த பிள்ளைச்செல்வம்.

ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் யூத இனப்படுகொலைப் பாடம் வரும்போதெல்லாம் லிஷா டீச்சர் அவளைப் பேச வைப்பார். டீச்சர் தங்கமானவர்தான். ஆனால் சபையிலேயே வளர்ந்தவருக்கு, உயிர் தப்பியவர் பேச்சு என்றால் ஞாயிற்றுக்கிழமைச் சாட்சிதான். பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும், கர்த்தர் கைதூக்கிவிட்டதைச் சொல்ல வேண்டும், ஸ்தோத்திரத்தோடு உட்கார வேண்டும். இரண்டு வருடம் விமலகுமாரியும் அப்படியே சொன்னாள். யாரோ பெற்ற குழந்தையைத் தோளில் போட்டுக் கழுத்தளவுத் தண்ணீரில் நந்திக்கடலைக் கடந்த கதை. பொய்யில்லை. முந்தின நாளை மட்டும் விழுங்கிவிடுவாள். அதைச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் தன் கையால் சோறு வாங்கித் தின்னுமா என்று பயம்.

இந்த வருடமும் தொடங்கினாள். பாதுகாப்பான இடம் என்று சொல்லி ஒதுக்கிய கடற்கரையிலேயே செல் குண்டு விழுந்தது. பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மார் துண்டு துண்டாகக் கிடந்தார்கள். பனையில் ஒரு கை தொங்கியது, வளையலோடு. அங்கிருந்து நந்திக்கடலுக்குத் தாவினாள்.

"கடைசியில கரையேறினம்" என்றாள்.

"ஸ்தோத்திரம்" என்றான் பின் பெஞ்சு நிஜின். பழக்கதோஷம். வகுப்பே கைதட்டியது.

"மாமிய கர்த்தர் காத்தாராக்கும்" என்றார் டீச்சர், கண் கலங்கி.

விமலகுமாரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"கை தட்டாதேயுங்கோ. என்ர தங்கச்சியை ஒருத்தரும் காக்கேல்லை. நானும் காக்கேல்லை."

பிறகு நிறுத்த முடியவில்லை. தங்கைக்குப் பதினேழு வயது. தண்ணீர் எடுக்கப் பங்கர்க் குழியை விட்டு வெளியே போனவளின் வயிற்றைச் செல் துண்டு கிழித்துவிட்டது. பத்தடிக்கு அப்பால், குடலைக் கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு "அக்கா" என்றாள். தூக்கி வர ஓடிய பக்கத்துப் பங்கர்க்காரர் தலையில்லாமல் அவள்மேலேயே விழுந்தார். அதைப் பார்த்த விமலகுமாரி வெளியே வரவில்லை. காதைப் பொத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

"போதும் விமலா" என்றார் டீச்சர். முகம் வெளுத்துவிட்டது.

முன்வரிசை அஸ்வதி மெதுவாகக் கேட்டாள். "எவ்வளவு நேரம் அக்கான்னு விளிச்சா மாமி?"

"நீங்கள் அசெம்பிளிக்கு நிக்கிற நேரம் தொடங்கினவள். சோத்து நேரத்துக்கு நிப்பாட்டினவள்."

மணி அடித்தது. அவள் சமையல்புரைக்குப் போய்ச் பெரிய சோற்றுச் செம்பைத் திறந்து கரண்டியோடு நின்றாள். மற்ற வகுப்புகள் வந்து சாப்பிட்டுப் போயின. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு குஞ்சுகூட வரவில்லை. பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தாள். பாழாய்ப்போன வாய், சும்மா கிடந்திருக்கலாம். கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறம் தானே வராந்தாவில் நடந்து போய் வகுப்பு வாசலில் நின்றாள். பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அஸ்வதி டெஸ்க்கில் தலை கவிழ்ந்திருந்தாள்.

"வாங்கோ மக்கள், சோறு ஆறுது" என்று கூப்பிட்டாள்.

ஒருத்தர் மிச்சமில்லாமல் எழுந்து வந்தார்கள்.