நெற்றியில் ஒட்டிய கிரீஸ்

போன வாரம் எங்கள் தெரு முனையில் ஒரு கிரேன் வந்து நின்றது. இப்போது நான் இருப்பது காலடிப்பேட்டை. புதிதாகக் கட்டுகிற வீட்டின் மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்ற வந்திருந்தார்கள். நான் பால் வாங்கப் போனவன். கம்பிக் கயிற்றின் கிரீஸ் வாடை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் வலது கை தானாக மேலே போய் முஷ்டி பிடித்தது. கிரேன்காரர் சட்டென்று நிறுத்தினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"பெருசு, யாருபா நீ? கைய எறக்கு. நீ காட்டிக்கினே இருந்தா நான் நிறுத்திக்கினே இருக்கணும்."

இறக்கினேன். பால் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

கையைக் குற்றம் சொல்ல முடியாது. இருபத்தெட்டு வருசம் துறைமுகத்தில் அதற்கு இதுதான் வேலை. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேச்சும் அவ்வளவாக வராது. ஆண்டவர் இந்த மனுசனுக்கு வாயை எடுத்துக் கையில் வைத்துவிட்டார் என்று என் மனைவி ரோசலி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள்.

கப்பலின் கிடங்கு கிணறு மாதிரி ஆழம். நான் அதன் விளிம்பில் நிற்பேன். கிரேன் ஓட்டுகிறவர் மேலே கூண்டில் இருப்பார். அவருக்குக் கிடங்கின் உள்ளே தெரியாது. அங்கே ஆட்கள் மூட்டை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். என் கையைப் பார்த்துத்தான் அவர் இறக்க வேண்டும். விரலைக் கீழே சுற்றினால் இறக்கு. அதற்கு ஆரியா என்போம். எந்த ஊர் வார்த்தையோ, நாங்கள் கேட்டதில்லை. முஷ்டி பிடித்தால் நிறுத்து. கை தப்பினால் கீழே ஒரு உயிர் போகும்.

என் கிரேன்காரன் ஏகாம்பரம். நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. கடலுக்குப் போனால் வாந்தி எடுப்பான். அதனால் கிரேன் ஏறினான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இறக்குகிறாயே, பயமில்லையா என்று ஒரு தடவை கேட்டேன்.

"உள்ள இன்னா கீதுன்னு யோசிச்சா எனக்குக் கை நடுங்கும் மாமு. உன் கை தெரியுதுல்ல, போதும்" என்றான்.

அப்போது நாங்கள் ராயபுரத்தில் குடியிருந்தோம். ஒரே அறை, பச்சைக் கதவு. நான் வேலைக்குக் கிளம்பும்போது ரோசலி கதவருகில் வந்து நிற்பாள். நான் தலையைக் குனிய வேண்டும். கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போடுவாள். விரலில் பூண்டு வாடை அடிக்கும். எங்கள் மகள் அமலி பள்ளிக்கூடம் போகும்போதும் அப்படித்தான். வீட்டை விட்டுப் போகிறவர்களை வெறும் நெற்றியோடு அனுப்ப மாட்டாள். நான் யாருக்கும் போட்டதில்லை. அது அவள் இலாகா.

அமலி நர்சுக்குப் படித்தாள். குவைத்தில் வேலை கிடைத்து விசா வந்தபோது ரோசலி சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்தாள். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவள அனுப்பிடு. நான் இல்லன்னு நீ புடிச்சி வச்சிக்காத."

தலையை ஆட்டினேன். நாலு நாளில் ரோசலி போய்விட்டாள்.

கல்லறையில் பெட்டியை இறக்கக் கயிறு பிடித்தவர்கள் நான்கு பேரும் எங்கள் துறைமுகத்து ஆட்கள். ஏகாம்பரமும் ஒருவன். கால்மாட்டில் கயிறு வேகமாகப் போய்ப் பெட்டி சாய்ந்தது. என் கை முஷ்டி பிடித்தது. நான்கு பேரும் நின்றார்கள். சாமியார் ஜெபத்தை நிறுத்திவிட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் கை தூக்கியாகிவிட்டது, அவர்கள் காத்திருக்கிறார்கள். தலைமாட்டுக்காரர்களைக் கொஞ்சம் விடச் சொல்லி விரலைச் சுற்றினேன். பெட்டி சமமானது. அப்புறம் எல்லோருக்கும் ஆரியா. மெதுவாக. ஏகாம்பரம் குழியைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்தான். அடியில் மண்ணைத் தொடுகிறவரை காட்டினேன். என் பெண்டாட்டியை நானே இறக்கினேன்.

அன்றிலிருந்து ஜெபத்தில் பரலோக மந்திரம் சொன்னால், அவர் விருப்பப்படி ஆகட்டும் என்று வருகிற இடத்தில் வாய் நின்றுவிடும். அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவேன். ஆண்டவருக்குத் தெரியாமல் தாண்டுகிறேன் என்று நினைப்பு.

முப்பதாம் நாள் பூசை முடிந்து நான்காம் நாள் அமலிக்கு விமானம்.

"நான் போவலப்பா. உன்ன யாரு பாத்துப்பாங்கோ?" என்றாள்.

நான் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. இரு என்பதுதான் மனசில். வாயைத் திறக்காமல் இருந்தால் அவளே இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் துணிப்பெட்டி பாதி அடுக்கியபடி கட்டிலுக்குக் கீழே மூன்று நாள் கிடந்தது.

கடைசி நாள் காலை வேலைக்குப் போனபோது ஏகாம்பரம் கூண்டிலிருந்து இறங்கி வந்தான். பொண்ணு இன்னா சொல்லுது என்று கேட்டான். சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்:

"லோடு நடுவுல தொங்கிகினு கீது. நீ கை காட்டாம நிக்கிற. மேலயும் போவாது, கீழயும் வராது. அதான் மாமு டேஞ்சரு."

எங்கே போய் இறங்கும் என்று எனக்குத் தெரியவில்லையே என்றேன்.

"எனக்கு மட்டும் என்னிக்கி தெரிஞ்சிது? உங்க கோயில்ல ஒருத்தரு ரெண்டு கையும் விரிச்சிகினு நிக்கிறாரே. அவரு கையப் பாரேன்" என்றான். கிண்டலாகச் சொன்னானா நிஜமாகச் சொன்னானா, இன்றுவரை தெரியாது. டீ கிளாசை வைத்துவிட்டுக் கூண்டுக்கு ஏறிவிட்டான்.

அத்தனை வருசம் விளிம்பில் நின்று உள்ளே பார்த்தவன் நான். அன்றுதான் நான் கூண்டில் உட்கார்ந்த ஆள் ஆனேன். கீழே ஒன்றும் தெரியவில்லை.

மதியம் பாதி வேலையில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கம்பிக் கயிறு பிடித்த கையைக்கூடக் கழுவவில்லை. கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியை இழுத்து வாசலில் வைத்தேன். அமலி பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மீதித் துணியை எடுத்து அடுக்கினாள். பேச்சில் என்னைப் போலத்தான் அவளும்.

சாயங்காலம் ஆட்டோ வந்தது. பச்சைக் கதவருகில் வந்து நின்று தலையைக் குனிந்தாள். அம்மாவுக்குக் குனிகிற மாதிரியே. அங்கே அம்மா இல்லை. என் கை தொடையோரம் முஷ்டியாக இருந்தது. அவள் நிமிரவில்லை. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். விரலைப் பிரித்தேன். கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒன்று, குறுக்கே ஒன்று. கோணலாக வந்தது. கறுப்பாகக் கிரீஸ் ஒட்டிக்கொண்டது. துடைக்கப் போனேன்.

"வுடுப்பா. இருக்கட்டும்" என்றாள்.

ஆட்டோ திரும்பியதும் உள்ளே வந்து மண்டியிட்டேன். பரலோக மந்திரத்தை ஒரு வரியும் தாண்டாமல் சொன்னேன். அந்த இடத்தில் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அதை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பார்.

அமலி இப்போது வேறு தேசத்தில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். ஞாயிறு பூசை முடிந்ததும் போன் பண்ணுவாள். நன்றாக இருக்கிறாள். ஏகாம்பரம் போய்ச் சேர்ந்து ஆறு வருசம் ஆகிறது. மூட்டைக் கப்பல் நின்ற இடத்தில் இரும்புப் பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். ராயபுரத்து வீட்டை இடித்துவிட்டார்கள். பச்சைக் கதவு எந்தப் பழைய மரக்கடைக்குப் போனதோ.

காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது இந்த வீட்டு வாசலிலும் ஒரு நிமிசம் நிற்கிறேன். பூண்டு வாடை இல்லை. விரலும் இல்லை. இருந்தாலும் தலையைக் குனிகிறேன். கொஞ்சம் பொறுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குகிறேன்.